தீவுக் காற்றில் வெள்ளியும் முத்தும்

(அந்தமானின் லம்பா லைனில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என் வலது கையில் ஒரு ஜோடி கொலுசு இருக்கிறது. இடது கையில் இன்னொரு ஜோடி. இரண்டும் ஒரே நாளில், சேலம் செவ்வாய்ப்பேட்டையில், ஒரே கடையில் வாங்கியவை. ஒரு ஜோடியை என் மகள் பன்னிரண்டு வருடம் காலில் போட்டிருந்தாள். அதோடுதான் குளித்தாள், பள்ளிக்கூடம் போனாள், கார்பின்ஸ் கோவ் மணலில் ஓடினாள். இன்னொரு ஜோடியைக் "கல்யாணத்துக்கு ஆகட்டும்" என்று பீரோவின் உள்ளறையில் வைத்துப் பூட்டினேன். முன்வரிசையில் இருப்பவர்கள் கையில் வாங்கிப் பாருங்கள், பார்த்துவிட்டுப் பின்னால் அனுப்புங்கள். ஓடி ஆடிய கொலுசு தேய்ந்திருக்கிறது, இரண்டு மணி உதிர்ந்திருக்கிறது, ஆனால் வெள்ளையாக இருக்கிறது. பூட்டி வைத்தது அடுப்புக்கரி மாதிரி கறுத்துக் கிடக்கிறது.

அதை நான் எப்படி வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய செய்தித்தாளில் நன்றாக மடித்து, பிரிந்துவிடாமல் இருக்க இரண்டு ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தேன். ரப்பர் பேண்ட் இருந்த இடத்தில் பாருங்கள், கறுப்பிலும் கறுப்பாக ஒரு கோடு.

என் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவர். நான் வேதியியல் படித்தேன். கல்யாணமாகி 1984இல் சென்னையில் கப்பல் ஏறி, மூன்று நாள் கடல் பார்த்து, இங்கே வந்து இறங்கினேன். முப்பது வருடம் இந்தத் தீவுப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தேன். வெள்ளி வேலைக்காரர் மகள், வேதியியல் டீச்சர், இரண்டுமாக இருந்தும் இந்தக் கொலுசை இப்படிக் கெடுத்திருக்கிறேன். அதனால்தான் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். 2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் ஏறக்குறைய 15 சதவீதம் பேர் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள். நாம் கப்பலில் வரும்போது நகையை மட்டும் கொண்டுவரவில்லை, நகை வைக்கும் பழக்கத்தையும் கொண்டுவந்தோம். பீரோவில் செய்தித்தாள் விரிப்பது, எல்லா நகையையும் ஒரே டப்பாவில் போடுவது, நாள் கிழமைக்கு எடுத்து விபூதியும் எலுமிச்சையும் போட்டுத் தேய்ப்பது எல்லாம் அங்கிருந்து வந்தவை. அவை சேலத்துக் காற்றுக்கும் மதுரைக் காற்றுக்கும் பழகிய பழக்கங்கள். சேலத்தில் வருடத்துக்குச் சுமார் 1000 மில்லிமீட்டர் மழை. இங்கே சுமார் 3000 மில்லிமீட்டர். மே மாதம் தொடங்கினால் டிசம்பர் வரை ஏதாவதொரு பருவமழை நம் தலைமேல் நிற்கிறது. காற்று வேறாகிவிட்டது, பழக்கம் மட்டும் மாறவில்லை.

வெள்ளி ஏன் கறுக்கிறது? இரும்பு துருப்பிடிப்பது போல வெள்ளியும் ஆக்சிஜனால் கறுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகம். காற்றில் மிக மிகச் சிறிய அளவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தாலே போதும், வெள்ளியின் மேற்பரப்பு வெள்ளி சல்ஃபைடாக மாறத் தொடங்கிவிடும். முதலில் இளமஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு மயில் கழுத்து மாதிரி ஒரு நீல ஊதா, கடைசியில் கறுப்பு. படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறுகிறது. மஞ்சள் தெரியும்போதே கவனித்தால் துணியால் துடைத்தாலே போய்விடும். கறுப்பு வரும்வரை விட்டால் வேலை பெரிதாகிவிடும்.

சரி, இந்தச் சுத்தமான தீவில் கந்தகம் எங்கிருந்து வருகிறது? சிப்பிகாட் பக்கம் கடல் வற்றும் நேரத்தில் போயிருப்பீர்கள். அழுகின முட்டை மாதிரி ஒரு வாடை வரும். 2004 டிசம்பர் 26ஆம் தேதி நிலநடுக்கத்தில் நிலம் தாழ்ந்து, வயலெல்லாம் கடல்நீர் ஏறிய இடம் அது. அந்த வாடைதான் ஹைட்ரஜன் சல்ஃபைடு. சதுப்புச் சேற்றுக்குள் காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கடல்நீரில் உள்ள சல்ஃபேட்டைக் கொண்டு அதை உண்டாக்குகின்றன. அலையாத்திக் காடு இருக்கும் இடமெல்லாம் இது நடக்கும். அது காட்டின் குறை இல்லை, அந்தக் காடு நமக்கு வேண்டும். சேறு மட்டுமல்ல, திறந்த கடலும் கந்தக வாயுக்களைக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கிறது. வீட்டுக்குள் வந்தால் முட்டை, வெங்காயம், தீக்குச்சி மருந்து, தீபாவளிப் பட்டாசு என்று அதே கந்தகம் வேறு வழிகளிலும் வருகிறது. பூஜை அறை வெள்ளி விளக்கு மற்ற வெள்ளியை விடச் சீக்கிரம் கறுக்கிறது என்றால், அங்கே தினமும் தீக்குச்சி கிழிப்பதையும் சாம்பிராணி போடுவதையும் நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது உப்பு. இதை மனதில் வையுங்கள், இந்த ஊருக்கு இதுதான் முக்கியம். சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். நம் வீட்டு உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவது அதனால்தான். இந்தத் தீவில் வருடத்தில் பாதிக்கு மேல் காற்று அந்த அளவைத் தாண்டி நிற்கிறது. கடற்காற்றில் வரும் உப்புத் துகளும், நம் வியர்வையில் உள்ள உப்பும் நகைமேல் படிந்திருந்தால், அந்த நகை டப்பாவுக்குள் இருந்தாலும் ஈரமாகவே இருக்கிறது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாத அந்த நீர்ப்படலத்தில் கந்தகம் கரைகிறது, குளோரைடு தாக்குகிறது. வெள்ளியோடு கலந்திருக்கும் செம்பு முதலில் அடிவாங்குகிறது. திருகாணி மரையிலும் கொக்கி இடுக்கிலும் பச்சையாகக் களிம்பு ஏறுவது அந்தச் செம்புதான்.

நகை வெள்ளி சுத்த வெள்ளி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். 925 என்று முத்திரை இருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி மெத்தென்று இருக்கும், கொலுசாகச் செய்தால் நசுங்கிப்போகும், அதனால் கலக்கிறார்கள். கொலுசில் கலப்பு இன்னும் கூடுதலாக இருக்கலாம். வெள்ளியின் சுத்தத்தைக் கடைக்காரர் இத்தனை "டச்" என்று சொல்வார், கேட்டுக் குறித்து வையுங்கள். செம்பு கூடினால் கறுப்பும் களிம்பும் சீக்கிரம் வரும்.



பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள். "டீச்சர், என் பொண்ணு கொலுசு மட்டும் ஒரு வாரத்துல கறுத்துடுது. உடம்புச் சூடுதானே? மோர் குடிக்கச் சொல்றேன்." மோர் குடிப்பது நல்லதுதான். ஆனால் கொலுசு கறுப்பதற்கும் உடம்புச் சூட்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஒருவருக்கு வியர்வை அதிகம், அதில் உப்பும் கந்தகச் சேர்மங்களும் கூடக் குறைய இருக்கும். சிலர் தோலுக்குக் கந்தகம் கலந்த களிம்போ சோப்போ போடுவார்கள். அந்தப் பெண்ணிடம் விசாரித்தால், பிள்ளை சொறிக்கு மருந்துச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தாள். கொலுசு கறுப்பதை வைத்துப் பிள்ளைக்கு நோய் இருக்கிறது என்று பயப்படாதீர்கள், கண்ணேறு என்றும் சொல்லாதீர்கள்.

இப்போது முதலில் காட்டிய கொலுசுக்கு விடை கிடைத்துவிட்டது. காலில் கிடந்தது தினமும் பாவாடையிலும் தோலிலும் உரசியது, தினமும் நல்ல தண்ணீரில் கழுவப்பட்டது, சல்ஃபைடு படலம் தடிக்கவே இல்லை. பூட்டி வைத்தது என் கைவியர்வை உப்போடு போனது. அதற்கு மேல் நான் ரப்பர் போட்டேன். ரப்பர் பாலைக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கித்தான் ரப்பரை உறுதியாக்குகிறார்கள். 1839இல் சார்லஸ் குட்இயர் கண்ட முறை அது, இன்றைக்கும் அதுதான். ரப்பர் பேண்ட் என்பது கந்தகத்தை வட்டமாகக் கட்டி வைத்தது போல. செய்தித்தாளோ மட்டக் காகிதம், அமிலமும் விடும், ஈரத்தையும் குடிக்கும். நகைக்கு வைத்த காவலே நகையைத் தின்றிருக்கிறது.

கறுத்ததை எப்படி வெளுக்க வைப்பது? இங்கேதான் நாம் அதிகம் தவறு செய்கிறோம். வெள்ளி சல்ஃபைடு எலுமிச்சைச் சாற்றிலும் புளியிலும் கரையாது. புளி பித்தளைக்கும் செம்புக்கும் நல்ல மருந்து, வெள்ளிக் கறுப்புக்கு அது உதவாது. எலுமிச்சை போட்டால் வெளுக்கிறதே என்பீர்கள். வெளுப்பது சாற்றால் அல்ல, தேய்ப்பதால். தேய்க்கும்போது கறுப்போடு வெள்ளியும் போகிறது. விபூதியிலும் பல்பொடியிலும் பற்பசையிலும் நுண்மணல் போன்ற உராய்வுப்பொருள் இருக்கிறது. வெள்ளி மென்மையான உலோகம். வருடத்துக்கு நான்கு முறை தேய்த்தால், அப்பா நகாசு வேலையில் கொத்திய பூவிதழ் இருபது வருடத்தில் மழுங்கிவிடும். அப்பாவே கொத்திய ஒரு குங்குமச் சிமிழ் என் வீட்டில் அப்படித்தான் மழுங்கியது.

கல் இல்லாத, முத்து இல்லாத, உள்ளே அரக்கு இல்லாத வெறும் வெள்ளிக்கு ஒரு நல்ல முறை உண்டு. பீங்கான் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் சமையலறை அலுமினியத் தாளை விரியுங்கள். நகை அந்தத் தாளைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், தொடாவிட்டால் பலிக்காது. ஒரு கரண்டி ஆப்ப சோடா, கொஞ்சம் உப்பு, மேலே நன்றாகச் சூடான தண்ணீர். சில நிமிடங்களில் அதே சிப்பிகாட் வாடை லேசாக வரும். கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்திடம் போகிறது, வெள்ளி மறுபடி வெள்ளியாக அங்கேயே தங்குகிறது. தேய்த்தால் இழப்பு, இதில் இழப்பு இல்லை. எடுத்து நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, பழைய வேட்டித் துணியில் துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரமாவது உலர்த்துங்கள். கொலுசு வளையத்துக்குள் நிற்கும் ஈரம் துணியால் போகாது. இன்னொன்று: கடையில் "ஆக்சிடைஸ்டு" என்று விற்கும் கறுப்பு வேலைப்பாட்டு வெள்ளியை இதில் போடாதீர்கள். பெயர்தான் ஆக்சைடு, அசல் வெள்ளியில் அந்தக் கறுப்பு வேண்டுமென்றே ஏற்றிய சல்ஃபைடு. போட்டால் அழகு மொத்தமும் கரைந்துபோகும்.

வெள்ளியை இதோடு விட்டு, கல்லுக்கு வருகிறேன்.

பக்கத்தில் நம் விமான நிலையத்தின் புது முனையம் இருக்கிறது. 2023 ஜூலை 18இல் திறந்தார்கள். சிப்பியின் வடிவில் கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் மாமியாரின் முத்துமாலை நினைவுக்கு வரும். அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். அந்தக் காலத்து முத்து அது. ஒரு கல்யாணத்துக்கு முன்தினம், வெள்ளிக் கொக்கி கறுத்திருக்கிறதே என்று, நான் அதை அப்படியே எலுமிச்சைச் சாற்றில் நனைத்துத் தேய்த்தேன். கொக்கி வெளுத்தது. முத்தின் மேல் இருந்த ஒளி போய்விட்டது. சுண்ணாம்புக்கட்டி மாதிரி ஆகிவிட்டது. மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மாலையை அதற்குப் பிறகு அவர் போடவும் இல்லை.

வகுப்பில் சிப்பி ஓட்டின் மேல் எலுமிச்சைச் சாறு விட்டுப் பொங்கும் குமிழைக் காட்டியவள் நான். முத்தும் அதே சிப்பி ஓடும் ஒரே பொருள், கால்சியம் கார்பனேட். அதன் தாள்தாளான அடுக்குகளில் ஒளி புகுந்து திரும்புவதுதான் முத்தின் நீரோட்டம். மேல் அடுக்கு கரைந்தால் எந்த ஆசாரியாலும் திருப்பித் தர முடியாது. அமிலம் மட்டுமல்ல, வியர்வை, வாசனைத் திரவம், தலைமுடிச் சாயம் எல்லாமே அதற்கு ஆகாது. முத்து போடுபவர்கள் மற்ற அலங்காரமெல்லாம் முடித்து, சென்ட் உலர்ந்த பிறகு கடைசியாகப் போட வேண்டும். கழற்றும்போது முதலில் கழற்றி, ஈரத்துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும்.

பவளமும் அதே கால்சியம் கார்பனேட்தான், அதே எச்சரிக்கை அதற்கும். நவரத்தின மோதிரத்தில் இருக்கும் சிவப்புப் பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்தது. நம் கரையில் கிடக்கும் பவளப்பாறைத் துண்டு வேறு. அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுவது. செத்த துண்டாக இருந்தாலும் பொறுக்கி நகையில் கட்டக் கூடாது. ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கு இதைச் சொல்லி அனுப்புங்கள். விமான நிலையத்தில் பையைத் திறந்து பறித்துக்கொள்வார்கள், வழக்கும் வரும். முத்து வேண்டுமென்றால் அது வேறு கதை. இதே அந்தமான் கடலில் கருமுத்து வளர்த்துக்காட்டிய அறிவியலாளர் அஜய் குமார் சோன்கருக்கு 2022இல் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள்.

கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் ஓர் அளவுகோல் உண்டு. ஃபிரீட்ரிக் மோஸ் என்பவர் 1812இல் வகுத்தது. வைரம் 10. மாணிக்கமும் நீலமும் 9. மரகதம் ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவில். கோமேதகம் ஏழை ஒட்டி. பவளம் மூன்றரை, முத்து மூன்று சில்லறை. வெள்ளி மூன்றுக்கும் கீழே. ஒரே டப்பாவில் வைரத்தோட்டையும் முத்துமாலையையும் வெள்ளி மோதிரத்தையும் போட்டு, பீரோவை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அசைத்தால், வைரம் எல்லாவற்றையும் கீறும். பலருக்குத் தெரியாத இன்னொன்று: வீட்டுத் தூசியில் மணல் இருக்கிறது, மணலின் கடினம் 7. தூசி படிந்த முத்தையோ பவளத்தையோ காய்ந்த துணியால் அழுத்தித் துடைப்பது மணல்தாளால் தேய்ப்பதற்குச் சமம். முதலில் ஊதுங்கள், பிறகு ஈரத்துணி.

கடினமான கல் என்றால் எதையும் தாங்கும் என்று இல்லை. மரகதத்தில் பிறவியிலேயே விரிசல்கள் இருக்கும். அவை தெரியாமல் இருக்க எண்ணெய் ஏற்றி விற்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். சூடான சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் அந்த எண்ணெய் வெளியேறி, இத்தனை நாள் மறைந்திருந்த கோடெல்லாம் தெரியும். விலை மலிவான மாணிக்கம் பலவற்றில் விரிசலுக்குள் ஈயக் கண்ணாடி நிரப்பியிருப்பார்கள். அதை எலுமிச்சைச் சாறே அரிக்கும். கடையில் விற்கும் வெள்ளி கழுவும் திரவத்தில் அமிலம் இருக்கிறது, கல் வைத்த எதையும் அதில் முக்காதீர்கள்.

பரதம் கற்கும் பிள்ளைகளின் அம்மாக்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களுக்காக வடசேரி நகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெள்ளியும் கல்லும் சேரும் தமிழ் நகையில் அதைவிட நுணுக்கமானது எனக்குத் தெரியாது. நாகர்கோவிலின் வடசேரியில் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். கோயில் நகை என்ற பெயரில் புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறார்கள். நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, மாட்டல், ஒட்டியாணம் என்று நடனத்துக்கு வேண்டிய நகை முழுக்க அங்கே செய்வார்கள். அசல் வேலை வெள்ளியில். வெள்ளியில் கூடு கட்டி, உள்ளே அரக்கு வைத்து, சிவப்புக் கெம்புக் கல்லைப் பதித்து, கல்லைச் சுற்றி மெல்லிய தங்கத் தகட்டை அழுத்தி ஏற்றுவார்கள். இன்று கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி பித்தளையில் செய்து முலாம் பூசிய நகல். உங்களிடம் பாட்டி காலத்துச் செட் இருந்தால் அது வெள்ளியாகத்தான் இருக்கும், பின்பக்கத்தைப் பாருங்கள்.

இந்த நகைக்குத் தண்ணீர்தான் எதிரி. கல்லின் பின்பக்கம் மூடியது. இடுக்கு வழியாக உள்ளே போன நீர் வெளியே வர வழியில்லை. உள்ளே பளபளப்புக்காக வைத்த தகடு கறுக்கிறது, கெம்பு உயிரிழந்து பழுப்பாகத் தெரிகிறது. சூடு பட்டால் அரக்கு இளகிக் கல் ஆடும். அலுமினியத் தாள் முறை, சோப்புத் தண்ணீர், பூந்திக்கொட்டைத் தண்ணீர், எதிலும் ஊறவைக்காதீர்கள். மேடையில் இரண்டு மணி நேரம் ஆடிய பிள்ளையின் நெற்றிச்சுட்டி வியர்வையில் நனைந்திருக்கும். அப்படியே துணிப்பையில் திணித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுத்த நிகழ்ச்சிக்குத்தான் பையைத் திறக்கிறோம். இந்த ஊர்க் காற்றில் அந்த மூன்று மாதமே போதும். செய்ய வேண்டியது சின்ன வேலைதான். ஒப்பனையைக் கலைப்பதற்கு முன் நகையைக் கழற்றி, தண்ணீரில் முக்கி நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியால் பின்பக்கத்தைத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி, விசிறிக்கு அடியில் இரவு முழுக்கப் பரப்பி வையுங்கள். காலையில் எடுத்து வைக்கலாம். பிள்ளைகளையே செய்யச் சொல்லுங்கள். சலங்கையைத் தொட்டுக் கும்பிடக் கற்றவர்களுக்கு இதுவும் வரும்.

நாம் விட்டுவந்த தமிழ் மண்ணுக்கும் கல்லுக்கும் உள்ள உறவு பழையது. ஈரோட்டுப் பக்கம் நொய்யல் கரையில் கொடுமணல் என்ற ஊரில் தோண்டிய இடத்தில், இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய கல்மணிப் பட்டறையே கிடைத்தது. நீலம், பச்சைக்கல், படிகம், சூதுபவளம் எல்லாவற்றையும் அங்கே வெட்டித் துளையிட்டிருக்கிறார்கள். செய்து முடித்தவையும் பாதியில் விட்டவையும் மண்ணிலிருந்து வந்தன. படிகம் அப்படியே இருக்கிறது. கல் தாங்கும், அதைப் பிடித்திருக்கும் உலோகமும் நூலும் அரக்கும்தான் தாங்காது. நாம் பார்த்துக்கொள்ள வேண்டியது பெரும்பாலும் அவற்றைத்தான்.

சரி, எதில் வைப்பது? வெள்ளிக்குக் காற்றே படக் கூடாது. கெட்டியான பாலிதீன் ஜிப் பை, ஒரு நகைக்கு ஒரு பை, உள்ளே இருக்கும் காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு மூட வேண்டும். மெழுகுச்சீலை போல வாடை வரும் பி.வி.சி. பை வேண்டாம், அது நாள்பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயுவை விடும். நகைக்கடை ரோஸ் காகிதம் கடையிலிருந்து வீட்டுக்கு வரும்வரை போதும், பத்து வருடத்துக்கு அல்ல. வெல்வெட் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம், ஆனால் பைக்குள் போட்ட பிறகு பெட்டிக்குள் வையுங்கள். அருங்காட்சியகங்களில் நுண்ணிய வெள்ளித் துகள் ஏற்றிய ஒரு துணியில் வெள்ளிச் சாமானைச் சுற்றி வைக்கிறார்கள். வரும் கந்தகத்தைத் துணியிலுள்ள வெள்ளி முதலில் வாங்கிக்கொள்கிறது. கிடைத்தால் வாங்குங்கள். கறுப்புத் தடுக்கும் பட்டை என்று சிறிய தாள்களும் விற்கிறார்கள், அவையும் வேலை செய்யும், வருடம் ஒருமுறை மாற்ற வேண்டும்.

ஈரத்தை இழுக்கச் சுண்ணாம்புக்கட்டி போடும் வழக்கம் உண்டு. கொஞ்சம் உதவும், நம் மழைக்கு அது போதாது. சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது நிரம்பியது என்று தெரியும். நீல வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது, ஆரஞ்சு வகையைக் கேளுங்கள். நிறம் மாறினால் சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய வாணலியில் சிறு தீயில் வறுத்து மறுபடி போடலாம். இங்கே மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை வறுக்க வேண்டியிருக்கும். வறுக்காத ஜெல் டப்பாவில் இருப்பதும் இல்லாததும் ஒன்று.

இந்த ஜெல்லை முத்தோடு போடாதீர்கள். முத்துக்குள் இயற்கையாகவே கொஞ்சம் நீர் இருக்கிறது, ஓபல் கல்லில் இன்னும் அதிகம். வறண்டால் ஓபல் வெடிக்கும், முத்து மங்கும். வெள்ளிக்கு வேண்டியது வறட்சி, முத்துக்கு வேண்டியது மிதமான ஈரம். இரண்டையும் ஒரே டப்பாவில் வைத்து இரண்டுக்கும் நல்லது செய்ய முடியாது. முத்துக்குக் கஞ்சி போடாமல் துவைத்த மல் துணிப் பை, அதில் படுக்க வைக்க வேண்டும். தொங்கவிட்டால் பட்டுநூல் இழுபடும். நம் மழையில் அந்த நூலில் பூசணமும் பிடிக்கும், ஆகவே மாதம் ஒருநாள் நிழலில் விரித்து வையுங்கள், அதைவிட நல்லது எடுத்துப் போட்டுக்கொள்வது. அடிக்கடி போடும் மாலை என்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நூல் மாற்றி, முத்துக்கு முத்து முடிச்சுப் போட்டுக் கோக்கச் சொல்லுங்கள். அறுந்தால் ஒன்றோடு போகும்.

பட்டுப்புடவை ஜரிகையும் வெள்ளிதான் என்பதை இடையில் சொல்லி வைக்கிறேன். அசல் காஞ்சிபுரம் ஜரிகை வெள்ளி இழை, மேலே தங்கப் பூச்சு. அதுவும் இதே காரணத்தால்தான் கறுக்கிறது, அதற்கும் செய்தித்தாளும் ரப்பரும் ஆகாது.

வங்கி லாக்கரில் வைத்துவிட்டோம், கவலை இல்லை என்பவர்களுக்கு ஒரு செய்தி. ரிசர்வ் வங்கியின் புதிய லாக்கர் விதிகள் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் நகை போனால் வங்கி கொடுக்க வேண்டியது ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு. வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம், உள்ளே எவ்வளவு இருந்தாலும். நிலநடுக்கம், வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்தால் போனால் வங்கி பொறுப்பில்லை. 2004ஐப் பார்த்த நாம் அந்த வரியைச் சும்மா கடந்துபோக முடியாது. ஏழு வருடம் திறக்காமலே இருந்து, உங்களையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், வாடகை கட்டியிருந்தாலும் லாக்கரைத் திறந்து வாரிசுக்குக் கொடுக்க வங்கிக்கு உரிமை உண்டு. ஆகவே வாரிசு நியமனம் செய்யுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, மழை விட்ட ஜனவரி பிப்ரவரியில், போய்த் திறந்து பாருங்கள். ஒவ்வொரு நகையையும் முன்னும் பின்னும் படம் எடுத்து, எடை, டச், கல் எண்ணிக்கை, பில் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டின் நகல் ஒன்றைத் தீவுக்கு வெளியே, ஊரில் இருக்கும் அண்ணனிடமோ மகளிடமோ கொடுத்து வையுங்கள்.

இத்தனையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து, வெள்ளிப் பொட்டலங்களில் இருக்கும் ரப்பர் பேண்டைக் கழற்றிவிடுங்கள், செய்தித்தாளை உருவிவிடுங்கள், முத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். மீதியை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.